கத்தரிப்பூ நிறத் தண்ணீர்

நம் வயதுக்காரர்கள் நாலு பேர் ஓரிடத்தில் உட்கார்ந்தால் போதும், அந்தக் காலத்துத் தண்ணீரின் ருசியைப் பற்றிப் பேச்சு வந்துவிடுகிறது. போன வாரம் இங்கே உலு திராமில், ஆஸ்பத்திரியில் சர்க்கரைக்கு மருந்து வாங்கக் காத்திருந்தபோதும் வந்தது. ஓடைத் தண்ணீர் கற்கண்டு மாதிரி இனித்ததாம். கையால் அள்ளிக் குடித்தார்களாம். ஒரு நோய் நொடி வந்ததில்லையாம். நான் வாயைத் திறக்கவில்லை. திறந்தால் சண்டை வரும் என்று என் மகளுக்குத் தெரியும், அதனால் என் கையைப் பிடித்து அழுத்திக்கொண்டே இருந்தாள். இப்போது அவள் பக்கத்தில் இல்லை. சொல்லிவிடுகிறேன், கேளுங்கள்.

ஓடைத் தண்ணீர் ருசியாகத்தான் இருந்தது. அதை நான் மறுக்கவில்லை. அந்த ருசி எங்களை என்ன செய்தது என்பதுதான் என் பேச்சு.

ரப்பர் விலை விழுந்த காலம் அது. அதற்கு முன்னால் நாங்கள் செடெனாக் பக்கம் ஒரு தோட்டத்தில் இருந்தோம். அப்பாவும் அம்மாவும் பால் வெட்டினார்கள். தோட்டத்தில் ஆள் குறைத்தபோது, இந்தியாவிலுள்ள சொந்த ஊருக்குத் திரும்புகிறவர்களைக் கப்பல் ஏற்றி விடுவதாகச் சொன்னார்கள். எங்கள் வரிசை வீடுகளில், லயத்தில், பாதிப் பேர் மூட்டை கட்டிவிட்டார்கள். அப்பாவும் கட்டிவிட்டார். அம்மாதான் மாட்டேன் என்று உட்கார்ந்துகொண்டாள். எனக்கு முன்னால் பிறந்த இரண்டு ஆண் பிள்ளைகள் லயத்திலேயே காய்ச்சலில் போய்விட்டார்கள். மிஞ்சியது நானும், அப்போதுதான் விழாமல் ஓடப் பழகியிருந்த தம்பியும். இங்கே வரும்போது கப்பலில் செத்த குழந்தைகளைத் துணியில் சுற்றிக் கடலில் போட்டதை அம்மா கண்ணால் பார்த்தவள்.

"இவனத் தூக்கிக்கிட்டு நான் கப்பல் ஏற மாட்டேங்க," என்றாள் அப்பாவிடம். "பிச்சை எடுத்தாலும் இந்த மண்ணுலயே எடுத்துக்குறேன். இவன் ஒருத்தனையாவது ஆளாக்கிப் பாத்துடணும்."

அப்பா மூட்டையை அவிழ்த்தார். அந்த ஒரு ஆசையைக் கையில் பிடித்துக்கொண்டுதான் நாங்கள் ஜொகூர் பாருவுக்கு வந்தோம். பட்டணத்தில் ஏதாவது வேலை அகப்படும் என்று இன்னும் சில குடும்பங்களும், தோட்டத்தில் எங்களை வேலை வாங்கிய கங்காணியும் கூட வந்தார்கள்.

கங்காணி என்றால் இன்றைக்குக் கதை எழுதுகிறவர்கள் உடனே கையில் பிரம்பைக் கொடுத்துவிடுகிறார்கள். எங்கள் கங்காணியிடமும் பிரம்பு இருந்தது, இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் நாங்கள் உயிரோடு இருந்ததற்கும் அவர்தான் காரணம். தோட்டத்தில் லாலான் புல்லைக் கொல்ல ஒரு மருந்து அடிப்பார்கள். கொடிய விஷம். தவறிப்போய் யாரும் குடித்துவிடக் கூடாது என்று அதில் சாயம் கலந்திருக்கும். ஒரு தடவை மழை அந்த மருந்தைக் கால்வாய்க்குள் அடித்துக்கொண்டு வந்துவிட்டது. தண்ணீர் லேசாக நிறம் மாறியிருந்ததை முதலில் பார்த்தவர் கங்காணி. லயம் லயமாக ஓடிக் குடங்களை உதைத்துக் கவிழ்த்தார். அம்மா இடுப்பிலிருந்த குடத்தைப் பிடுங்கித் தரையில் போட்டு உடைத்தார். காலையில் அந்தக் கால்வாயில் வாய் வைத்த பசு, சாயங்காலம் விளக்கு வைக்கும் நேரத்தில் காலை நீட்டிவிட்டது. அவர் பேச்சைக் கேட்காமல் குடித்த ஒரு பெண்ணும் அதே நேரத்துக்குப் போய்ச் சேர்ந்தாள். நிறம் மாறின தண்ணீர் என்றால் சாவு, அதுவும் பொழுது சாய்வதற்குள் சாவு என்று அன்றைக்கு எங்கள் எல்லோருக்கும் மனதில் பதிந்துபோனது.

பட்டணத்தில் எங்களுக்குக் கிடைத்த இடம் ஒரு குன்றின் அடிவாரத்துச் சதுப்பு. குன்றின் மேலே உத்தியோகஸ்தர்களின் பங்களாக்கள். கீழே நாங்கள் பலகையும் தகரமும் பொறுக்கி, அத்தாப்பு ஓலைக் கூரை போட்டுக் குடிசை கட்டிக்கொண்டோம். இது சும்மா கிடக்கிற நிலமில்லை, காலி பண்ணுங்கள் என்று ஒரு தடவை ஆட்கள் வந்து மிரட்டிவிட்டுப் போனார்கள். போக்கிடம் இருந்தால் அந்தச் சேற்றில் ஏன் கிடக்கிறோம்? அப்பா விடிந்தால் ரயில்வே குட்ஷெட் வாசலில் போய் நிற்பார். மூட்டை தூக்கக் கூப்பிட்டால் சோறு, கூப்பிடாவிட்டால் மரவள்ளிக் கிழங்கு.

எங்கள் குடிசைகளை ஒட்டி ஓர் இரும்புக் குழாய் போனது. சதுப்பில் புதைக்க முடியாதென்று சிமெந்துக் கட்டைகளின் மேல் தூக்கி வைத்திருந்தார்கள். பங்களாக்களுக்குத் தண்ணீர் கொண்டுபோகிற குழாய். காலையில் அது உடம்பெல்லாம் வியர்த்திருக்கும். பிள்ளைகள் நாங்கள் காதை வைத்துக் கேட்போம். உள்ளே தண்ணீர் ஓடுவது கேட்கும். தம்பிக்கு அந்தக் குழாய் என்றால் உயிர். அப்பா அவனைத் தூக்கி அதன் மேல் குப்புறப் படுக்கப் போடுவார். கன்னத்தை ஒட்டிக்கொண்டு, "தண்ணி போவுது, தண்ணி போவுது," என்று சொல்லிக்கொண்டே இருப்பான். வியர்வையை நக்கிவிட்டுத் துரு ருசிக்கு முகத்தைச் சுளிப்பான். கடற்பாலத்து ஓரமாகப் போகும் பெரிய குழாயில் சிங்கப்பூருக்கே தண்ணீர் போகிறது என்று அப்பா ஒரு நாள் சொன்னார். கடலைத் தாண்டிப் போகத் தெரிந்த தண்ணீருக்கு எங்கள் வாசலில் இறங்கத் தெரியவில்லை.

எங்களுக்கென்று இருந்தது ஒரு கிணறும் ஓர் ஓடையும். கிணறு ஆழமில்லாதது. தண்ணீர் கலங்கல், சேற்று நாற்றம். ஓடை குன்றின் பக்கவாட்டுப் புதரிலிருந்து இறங்கி வந்தது. அடியில் கிடக்கும் கல்லை எண்ணலாம், அவ்வளவு தெளிவு. ஆனால் தூரம். அதனால் குடிக்கக் கிணறு, துவைக்க ஓடை என்று வைத்திருந்தோம்.

தம்பிக்கு மட்டும் வேறு தண்ணீர். அம்மா கடைத்தெருவில் ஒரு நானாவின் சாப்பாட்டுக் கடையில் பாத்திரம் தேய்த்தாள். நாகப்பட்டினம் பக்கத்துத் தமிழ் முஸ்லிம். அவர்களை நாங்கள் நானா என்றுதான் கூப்பிடுவோம். கடையின் பின்கட்டில் குழாய் இருந்தது. வேலை முடிந்து கிளம்பும்போது அம்மா ஒரு மண்ணெண்ணெய்த் தகரத்தில் தண்ணீர் பிடித்துக்கொள்வாள்.

"தளும்பத் தளும்பப் புடிச்சுக்க தங்கச்சி, புள்ளைக்குத்தானே," என்பார் நானா.

தகரத்தைத் தலையில் வைத்துக்கொண்டு அவ்வளவு தூரம் நடந்து வருவாள். அதில் ஒரு வாய்கூட எனக்குக் கிடைக்காது. தொட்டால் கை மேல் அடி விழும். எனக்கு ஆத்திரமாக வரும். இவள் பெற்றவள்தானா, இல்லை என்னை எங்காவது பொறுக்கி எடுத்தாளா என்று நினைத்துக்கொண்டு கிணற்றுத் தண்ணீரைக் குடிப்பேன்.

அந்த வருஷம் வெயில் விடவே இல்லை. பட்டணத்தில் வாந்திபேதி பரவுகிறது என்று கடைத்தெருவில் பேச்சு. ஒரு நாள் காலையில் சுகாதாரத்துக்காரர் ஒருவர் எங்கள் குடிசைகளுக்கு வந்தார். வெள்ளைக் கால்சட்டை, தொப்பி, துடைத்த சப்பாத்து. தமிழர்தான். ஆனால் தோட்டத்து ஆபீசில் கணக்கு எழுதுகிற கிராணிமார் பேசுகிற படித்த தமிழ். அவரோடு வந்த மலாய்க்கார ஆள் ஒரு டப்பாவிலிருந்து கறுப்புக் கல் உப்பு மாதிரி எதையோ எடுத்துக் கிணற்றில் போட்டு, வாளியை மேலும் கீழும் ஆட்டிக் கலக்கினார். நாங்கள் எல்லோரும் எட்டிப் பார்த்தோம். தண்ணீர் கத்தரிப்பூ நிறத்துக்கு மாறியது.

"இது பேதிக் கிருமியைக் கொல்லுற மருந்து," என்றார் சுகாதாரத்துக்காரர். "ஓடைத் தண்ணியைத் தொட வேண்டாம். இதைப் பயப்படாமல் குடியுங்கோ."

யாரும் அசையவில்லை. எங்கள் மனதில் என்ன ஓடியிருக்கும் என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. கங்காணி ஒரு வாளி இறைத்தார். பக்கத்தில் நின்ற அம்மாவின் கையிலிருந்த மண் சட்டியை வாங்கி, அதில் ஊற்றி, இரண்டு கையாலும் மரியாதையாக நீட்டினார்.

"நல்ல மருந்துன்னா நீங்க ஒரு வாய் குடிச்சுக் காட்டுங்கையா. புள்ளைங்க பாக்கட்டும்."

அவர் ஓரடி பின்னால் போனார். எதையும் தொடாத கையைக் கைக்குட்டையால் துடைத்துக்கொண்டார்.

"எனக்கு இப்ப தாகமில்லை."

"ஒரே ஒரு வாய் ஐயா."

"சொன்னதைச் செய்யுங்கோ. வீண் பேச்சு வேண்டாம்," என்று சொல்லிவிட்டுச் சேற்றில் சப்பாத்துப் படாமல் கல் கல்லாக மிதித்துப் போய்விட்டார்.

அவர் தலை மறைந்ததும் கங்காணி சட்டித் தண்ணீரைத் தரையில் கொட்டினார். அவர் முகம் வெளிறிப் போயிருந்தது.

"பாத்தீங்கல்ல? போட்டவனே குடிக்க மாட்டேங்கிறான்," என்றார். "காலி பண்ணச் சொன்னாங்க, நாம போவல. இப்ப வேற வழி பாக்குறாங்க. இந்தக் கெணத்துல ஒருத்தரும் வாய் வெக்காதீங்க. எல்லாரும் ஓடைக்குப் போங்க."

அவரே முள் வெட்டி வந்து கிணற்றை மூடினார். நான் இன்றைக்கும் அவரைக் குறை சொல்ல மாட்டேன். நிறம் மாறின தண்ணீரிலிருந்து எங்களை ஒரு தடவை காப்பாற்றியவர் அவர். இரண்டாம் தடவையும் காப்பாற்றுகிறோம் என்றுதான் நினைத்தார். நாங்களும் அப்படித்தான் நினைத்தோம். சின்னப் பிள்ளைகளுக்குக் கிணற்றுப் பக்கம் போனால் அடி என்று சட்டம் போட்டாயிற்று.

அன்று முதல் ஓடைத் தண்ணீர். கற்கண்டுதான். சேற்று நாற்றத்தில் வளர்ந்த எனக்கு அது தேவாமிர்தமாக இருந்தது. தம்பியின் தகரத்தை இனி நான் ஏறிட்டும் பார்க்க மாட்டேன் என்று அம்மாவிடம் வீம்பு பேசினேன்.

கடைசிக் குடிசையில் இருந்த பெண்ணுக்கு முதலில் பேதி வந்தது. காலையில் வாந்தி, மத்தியானம் கண் உள்ளே போய்விட்டது. பிறகு அவள் புருஷன். பிறகு பக்கத்துக் குடிசை. மாத்தாக்கள் வந்தார்கள். மாத்தா என்றால் போலீஸ்காரர், உங்களுக்குத் தெரியும். பாதையில் கயிறு கட்டி, கம்பில் ஒரு மஞ்சள் துணியைத் தொங்கவிட்டு, உள்ளே இருப்பவர் வெளியே வரக் கூடாது, வெளியே இருப்பவர் உள்ளே போகக் கூடாது என்றார்கள். பேதி கண்டவர்களைத் துணித் தொட்டிலில் தூக்கிக்கொண்டு போனார்கள். போனவர் ஒருவர்கூடத் திரும்பவில்லை. அதைப் பார்த்த பிறகு யாரும் நோயாளியைக் காட்டிக் கொடுக்கவில்லை. பாயில் சுருட்டி மூலையில் ஒளித்தார்கள்.

பட்டணத்தைக் காப்பாற்றக் கட்டிய கயிறு அது. காப்பாற்றியிருக்கலாம். ஆனால் அந்தக் கயிற்றால் அம்மாவுக்கு வேலை போனது, தம்பிக்குத் தகரத் தண்ணீர் போனது. கயிறு கட்டிய மறுநாள் நானா ஒரு தகரம் தண்ணீரைத் தானே தூக்கிக்கொண்டு பாதை வரை வந்தார். உடம்பு பருத்த மனிதர், மூச்சு வாங்கிக்கொண்டு நின்றார். மாத்தா அவரை விடவில்லை. மலாயில் எவ்வளவோ கெஞ்சிப் பார்த்தார்.

"கயித்துக்கு இந்தப் பக்கம் வெச்சிட்டுப் போறேன், அந்தம்மா வந்து எடுத்துக்கட்டும், அவ்ளோதான்," என்று அவர் சொன்னது எங்களுக்குக் கேட்டது.

மாத்தா தலையை ஆட்டிவிட்டார். நானா அம்மாவைப் பார்த்துக் கையை விரித்தார். பிறகு தகரத்தைத் தூக்கிக்கொண்டு வந்த வழியே போனார். தண்ணீர் தளும்பிப் பாதையெல்லாம் சிந்திக்கொண்டே போனது. அம்மா அந்த ஈரத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

அன்றைக்குத் தம்பிக்கு ஓடைத் தண்ணீர் கொடுத்தாள். வேறு என்ன செய்வாள்? அவனும் நல்லா இருக்கு என்று இன்னொரு சட்டி வாங்கிக் குடித்தான்.

இரண்டு நாள் கழித்து, விடியும்போது தம்பிக்கு ஆரம்பித்துவிட்டது. அம்மா கத்தவில்லை, அழவில்லை. கத்தினால் மாத்தாவுக்குக் கேட்கும். அவனைத் துடைத்து அப்பா மடியில் கிடத்திவிட்டு, குடத்தை எடுத்துக்கொண்டாள். "மேல போயி எடுத்தா இன்னும் சுத்தமா இருக்கும்," என்று என்னையும் கூட்டிக்கொண்டு ஓடையோரமாகப் புதருக்குள் ஏறினாள். அந்தப் பக்கம் கயிறு இல்லை. மேலே ரோட்டுக்கு ஏறினால்தான் மாத்தா மறிப்பார், இடையில் மனுஷர் நடமாட்டமே இல்லாத காடு என்று கயிறு கட்டாமல் விட்டிருக்கலாம்.

கொஞ்ச தூரம் போனதும் நாற்றம் வந்தது. புதர் விலகின இடத்தில் ஒரு திட்டு. அங்கே பட்டணத்து மலவாளிகளை ஏற்றிப் போகிற மாட்டுவண்டிகள் நின்றன. ஆட்கள் வாளிகளை ஓடையில் முக்கி, ஈர்க்குமாறு போட்டுத் தேய்த்துக் கழுவிக்கொண்டிருந்தார்கள். விடிவதற்குள் முடிந்துவிடும் வேலை. அன்று கொஞ்சம் பிந்தியிருந்தது, அதனால் பார்த்தோம். கழுவின தண்ணீர் கல் இடுக்கில் இறங்கி, மணலில் ஓடி, தெளிந்து, எங்களிடம் வந்துகொண்டிருந்தது.

அம்மா குடத்தை அங்கேயே போட்டுவிட்டாள். திரும்பி வரும்போது வழியெல்லாம் வாயில் விரலை விட்டு ஓங்கரித்தாள். வந்ததும் எல்லோரையும் கூப்பிட்டுப் பார்த்ததைச் சொன்னாள். பெண்கள் தலையில் அடித்துக்கொண்டார்கள்.

"அதயே காய்ச்சிக் குடுத்தா என்ன புள்ள?" என்றார் அப்பா.

"பீயக் காய்ச்சினா பீ இல்லாமப் போயிடுமா?"

அப்பாவுக்கு அது தெரியாது. நமக்குத் தெரியும். கொதிக்க வைத்திருந்தால் போதும். இன்றைக்குப் பள்ளிக்கூடத்தில் ஆறு வயதுப் பிள்ளை சொல்லும். அதை எங்களுக்குச் சொல்ல அந்தப் பட்டணத்தில் ஒருவரும் வரவில்லை. கயிறு கட்ட மட்டும் வந்தார்கள்.

தம்பி தண்ணீர் கேட்டு முனக ஆரம்பித்தான். அம்மா கிணற்றடிக்குப் போய் முள்ளை இழுத்து எறிந்தாள். கங்காணி ஓடி வந்து வழியை மறித்தார்.

"அண்ணே, அன்னிக்கு அந்த ஐயா சட்டியத்தான் பாத்தாரு, தண்ணியப் பாக்கல," என்றாள் அம்மா. "நான் பக்கத்துல நின்னேன். அவரு கண்ணு எங்க போச்சுன்னு எனக்குத் தெரியும். தோட்டத்துல கிராணி வீட்டுல நான் மாவு இடிச்சப்ப, எனக்குன்னு ஒரு கொட்டாங்குச்சி வெளிய தொங்கும். அதுலதான் மேலேருந்து தண்ணி ஊத்துவாங்க. இவரு மருந்துக்குப் பயந்து குடிக்காமப் போவல. நம்ம கை பட்ட சட்டிக்குப் பயந்து போனாரு."

கங்காணி கிணற்றுக்குள் எட்டிப் பார்த்தார். பிறகு மெதுவாகத்தான் கேட்டார்.

"அப்படியும் இருக்கும் தங்கச்சி. வெஷமாவும் இருக்கும். புள்ள வாயில ஊத்திப் பாக்கப் போறியா?"

அம்மாவின் கை நின்றது. கவிழ்த்த குடமும், கால் நீட்டிய பசுவும், விளக்கு வைக்கும் நேரத்தில் செத்த அந்தப் பெண்ணும் அவள் கண்ணுக்கு முன்னால் வந்திருக்க வேண்டும்.

"இல்ல," என்றாள். "என் வாயில ஊத்திப் பாக்குறேன். பொழுது சாயட்டும். அப்பவும் நான் உசிரோட இருந்தா, புள்ளைக்குக் குடுப்பேன்."

அப்பா ஓடி வந்து அவள் கையைப் பிடித்தார். "நீ போயிட்டா இந்த ரெண்டையும் வெச்சிக்கிட்டு நான் என்ன புள்ள செய்வேன்?" என்று எல்லோர் முன்னாலும் அழுதார். அவர் அழுது நான் பார்த்தது அன்றைக்குத்தான். அம்மா அவர் கையை விலக்கினாள். வாளியை இறக்கி, அதே சட்டியில் ஊற்றி, சட்டித் தண்ணீர் முழுவதையும் குடித்து முடித்தாள். நிறம் கொஞ்சம் வெளுத்திருந்தது, ஆனாலும் கத்தரிப்பூ நிறம்தான். குடித்துவிட்டு, எல்லோருக்கும் தெரியும்படி வெயிலில் கிணற்றுக் கல் மேல் உட்கார்ந்துகொண்டாள். அப்பாவைத் தம்பியிடம் போகச் சொன்னாள். என்னைப் பக்கத்தில் வைத்துக்கொண்டாள். நான் விழுந்தால் நீ ஓடிப்போய் அப்பாவிடம் சொல் என்றாள்.

அந்தப் பகல் எவ்வளவு நீளம் என்று எனக்குச் சொல்லத் தெரியவில்லை. கங்காணி எதிரே குத்துக்காலிட்டு உட்கார்ந்து அவள் முகத்தையே பார்த்தார். பெண்கள் வந்து வந்து அவள் பாதத்தைத் தொட்டு, சூடு இருக்கிறதா என்று பார்த்துவிட்டுப் போனார்கள். ஒருத்தி, "வயித்துல ஏதாச்சும் பண்ணுதாக்கா?" என்று கேட்டாள். அம்மா இல்லை என்று தலையாட்டினாள். குடிசையிலிருந்து தம்பியின் குரல் வந்துகொண்டே இருந்தது. தண்ணி, தண்ணி என்று அதே ஒரு வார்த்தை. அந்தக் குரல் வரும்போதெல்லாம் அம்மா முந்தானையை வாயில் அடைத்துக்கொள்வாள். குரல் நின்றுவிட்டால் பதறி, "கேக்குதா பாப்பா? உனக்குக் கேக்குதா?" என்பாள். மறுபடி கேட்டதும் மூச்சு விடுவாள்.

மத்தியானம் தாண்டியதும் டங் டங் என்று ஒரு சத்தம் கேட்டது. அப்பா சாங்குல் மண்வெட்டியைத் தலைக்கு மேல் ஓங்கிக் குழாயை அடித்துக்கொண்டிருந்தார். ஒவ்வொரு அடிக்கும் குழாய் குன்றின் உச்சி வரை அதிர்ந்தது. அந்த இரும்பில் ஒரு கீறல்கூட விழவில்லை. மண்வெட்டிக் காம்புதான் முறிந்தது. முறிந்த காம்பாலும் அடித்தார். மாத்தாக்கள் ஓடி வந்து அவரைப் பிடித்துக் கையைப் பின்னால் கட்டினார்கள். "எம் புள்ளைக்கு ஒரு வாய்த் தண்ணிதாங்க," என்று அவர் தமிழில் சொன்னது அவர்களுக்குப் புரியவில்லை. அவர்களுடைய மலாயில் அதைச் சொல்ல அந்த நேரத்தில் அவருக்கு நாக்கு வரவில்லை. இழுத்துக்கொண்டு போய்விட்டார்கள்.

அம்மா எழுந்திருக்கவில்லை. "நீ போயி தம்பிகிட்ட இரு," என்றாள் என்னிடம்.

தம்பி என்னை அடையாளம் கண்டுகொண்டான். கன்னம் ஒட்டி, கிழவன் முகம் மாதிரி ஆகியிருந்தது. கையைக் கிள்ளினால் தோல் அப்படியே நின்றது. தண்ணி என்றான். அம்மா எடுத்துட்டு வராங்க என்றேன். எனக்குப் பொறுக்கவில்லை. என் பாவாடை ஓரத்தைக் கிழித்துக்கொண்டு குழாயடிக்கு ஓடினேன். மேல்பக்கம் வெயிலில் காய்ந்து சுட்டது. அடிப்பக்கத்தில் கொஞ்சம் ஈரம் இருந்தது. துணியால் ஒற்றி ஒற்றி எடுத்து வந்து அவன் வாயில் வைத்தேன். சப்பினான். துரு ருசிக்கு முகத்தைச் சுளித்தான். அதைப் பார்த்து, இவன் பிழைத்துவிடுவான் என்று எனக்குச் சந்தோஷம் வந்தது.

பள்ளிவாசலில் மாலைப் பாங்கு ஒலித்தபோதுதான் பொழுது சாய்ந்தது. கங்காணி எழுந்து நின்றார். அம்மாவும் எழுந்து நின்றாள். நன்றாக நின்றாள், தள்ளாடவில்லை.

"போ தாயி," என்றார் கங்காணி. அவரே வாளியை இறைத்துச் சட்டியில் ஊற்றிக் கொடுத்தார்.

அம்மா ஓடி வந்தாள். தம்பியைத் தூக்கி மார்பில் சாய்த்துச் சட்டியை உதட்டில் வைத்தாள். ஒரு வாய் குடித்தான். இன்னொரு வாய் குடித்தான். மூன்றாவது வாய் கடைவாயில் வழிந்தது. "இன்னும்," என்றான். அம்மா ஊற்றினாள். அந்தத் தண்ணீர் உள்ளே இறங்கவில்லை. சட்டியில் பாதிக்கு மேல் அப்படியே இருந்தது.

மறுநாள் எல்லோரும் கிணற்றில் இறைத்தார்கள். யாரும் சாகவில்லை. புதிதாக யாரும் விழவும் இல்லை. கங்காணி அதற்குப் பிறகு யாருக்கும் எந்தப் புத்தியும் சொன்னதில்லை. ஏதாவது கேட்டால், "எனக்குத் தெரியாது, தெரிஞ்சவங்களக் கேளுங்க," என்பார்.

கொஞ்ச நாளில் கயிற்றை அவிழ்த்தார்கள். அதே வாரம் ஆட்கள் வந்து அந்தப் பங்களாக் குழாயில் ஒரு துளை போட்டு, எங்கள் குடிசைகளுக்கு ஒரு பைப்பு இறக்கினார்கள். சோறு வடிக்கிற நேரம்கூட ஆகவில்லை அந்த வேலைக்கு. மாத்தாக்கள் அப்பாவை விட்டபோது பைப்பு வந்திருந்தது. தம்பி இல்லை.

பைப்பைத் திறந்து பார்க்க அந்தச் சுகாதாரத்துக்காரர் வந்திருந்தார். கெட்டவர் இல்லை, முகத்தில் வருத்தம் இருந்தது. கிணற்றுக்கு மருந்து போட்டும் ஏன் ஓடைக்குப் போனீர்கள், படித்துப் படித்துச் சொன்னேனே என்று அம்மாவிடம் கேட்டார்.

"நீங்க குடிக்கல," என்றாள் அம்மா.

அவருக்குப் புரிந்ததா என்று தெரியவில்லை. தலையைக் குனிந்துகொண்டார். பிறகு பைப்பைத் திருகி, கை இரண்டையும் குவித்துப் பிடித்து, குனிந்து வயிறு நிறையக் குடித்தார். அதற்குச் சட்டி தேவைப்படவில்லை. அம்மா அவர் குடிப்பதை ஒரு சொட்டு விடாமல் பார்த்துக்கொண்டிருந்தாள்.

அம்மா வெகு காலம் இருந்தாள். ஜப்பான்காரன் காலத்தையும் பார்த்தாள், தலை முழுக்க நரைத்து, பல் விழுந்து, என் பேரப்பிள்ளைகளையும் மடியில் வைத்துக் கொஞ்சிவிட்டுத்தான் போனாள். பிள்ளைகளில் எது தண்ணீர் கேட்டாலும், கையில் இருப்பதைப் போட்டுவிட்டு ஓடுவாள். நாங்கள் சிரித்தால், தன் வயிற்றைத் தடவிக்கொள்வாள். அந்தக் கிணற்றுத் தண்ணீர் கடைசி வரை அவளை ஒன்றும் செய்யவில்லை.